ஆகாய தூரமும் ஆகிற நேரமும்

சூரிச் நகரிலிருந்து மிலான் நகருக்கு ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம் என்று கைபேசியைக் கேட்டால், சுமார் 204 கிலோமீட்டர் என்று உடனே சொல்லிவிடுகிறது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் குறைச்சல் என்கிறது. கோயமுத்தூரில், மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரில் குடியிருக்கும் ஒருவனுக்கு இந்தக் கணக்கில் என்ன பாத்தியதை என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். பாத்தியதை இருக்கத்தான் செய்கிறது. எங்கள் ஊருக்கு வடக்கே, அதே சாலையில், பெரியநாயக்கன்பாளையத்தில் நூற்பு இயந்திரங்கள் செய்கிற லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1962-இல் தொடங்கப்பட்டபோது, அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கக் கை கொடுத்தது சுவிட்ஸர்லாந்து தேசத்தில் வின்டர்தூர் நகரத்து ரீட்டர் கம்பெனி. வின்டர்தூருக்கு விமானம் ஏறி இறங்க வேண்டிய ஊர் சூரிச். மிலானோ, உலகத்து ஜவுளி இயந்திரங்களெல்லாம் நான்கு வருஷத்துக்கு ஒரு தரம் கூடுகிற இட்மா கண்காட்சி 2015-லும் 2023-லும் நடந்த ஊர். ஆகவே சூரிச்சும் மிலானும் கோயமுத்தூர்க்காரர்களுக்கு அப்படி ஒன்றும் அந்நியமான ஊர்கள் அல்ல. மில் தொழிலைச் சார்ந்த குடும்பங்களில் அந்தப் பெயர்கள் திருப்பூர், சோமனூர் என்பன போலவே சகஜமாக அடிபடும்.

2023-ஆம் வருஷத்துக் கண்காட்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருப் பையன் ஒருவன், வின்டர்தூரில் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு மிலானுக்குப் போவதாக இருந்தான். டிக்கெட் போடும் முன் என்னிடம் வந்து, “ஏனுங்ணா, அங்கிருந்து மிலானுக்கும் ஃபிளைட்டே போட்டுக்கட்டுங்ளா? அம்பத்தஞ்சு நிமிஷந்தானுங்க, ரயிலுன்னா மூணே கால் மணி நேரங் காட்டுதுங்க” என்றான். இயந்திரத் தொழிலில் காலத்தைக் கழித்தவனாதலால், இரண்டு எண்களை ஒப்பிடச் சொன்னால் இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவைதானா என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். “கண்ணு, காகிதத்தை எடு” என்றேன்.

வின்டர்தூரிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம் ஆகிறது. அங்கே பெட்டியை ஒப்படைத்து, சோதனை முடிந்து, வாயிலில் காத்திருக்க ஒன்றரை மணியாவது வேண்டும். ஐம்பத்தைந்து நிமிஷப் பறத்தலுக்குப் பிறகு இறங்கிப் பெட்டி வரும் வரையில் அரை மணி. இறங்குகிற மால்பென்ஸா விமான நிலையமோ மிலானுக்குள் இல்லை. நகரத்தின் நடுவுக்கும் அதற்கும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருப்பதால், அங்கிருந்து ரயில் பிடித்துப் போகவே முக்கால் மணிக்கு மேல் செல்லும். கூட்டினால் நான்கு மணி நேரம். ரயிலில் போனால், வின்டர்தூரிலிருந்து சூரிச் ஜங்ஷனுக்கு அரை மணிக்குள், அடுத்த வண்டிக்குக் கொஞ்சம் காத்திருப்பு, பிறகு அந்த மூன்றே கால் மணி. இதுவும் அதே நான்கு மணி நேரம்தான். பையன் பென்ஸிலை வைத்துவிட்டுச் சற்று நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயிலிலேயே போனான், ஏரிக்கரை ஓரமாக எடுத்த படங்கள் எங்கள் தெருக் குழுவில் இன்னும் இருக்கின்றன.

அந்த மூன்றே கால் மணி நேரமும் ஆதியிலிருந்தே வாய்த்ததன்று. இரண்டு நகரங்களுக்கும் குறுக்கே ஆல்ப்ஸ் மலை நிற்கிறது. 1882-இல் திறந்த பழைய கோட்ஹார்ட் சுரங்கத்தின் நீளம் 15 கிலோமீட்டர். ஆனால் அதன் வாயை எட்டவே ரயில் வளைந்து வளைந்து மலை ஏறியாக வேண்டும். மலையில் ஏறாமல் அதன் அடிவாரத்தோடு நேராகத் துளைத்துச் செல்லும் 57 கிலோமீட்டர் சுரங்கம் 2016-லும், அதற்குத் தெற்கே செனேரி என்னும் 15 கிலோமீட்டர்ச் சுரங்கம் 2020-லும் திறக்கப்பட்ட பிறகே ரயில் விமானத்தோடு சரிக்குச் சரி நிற்கத் தொடங்கிற்று. வான்வழித் தூரத்தில் இதனால் ஓர் அங்குலமும் குறையவில்லை. நேரம் மட்டும் குறைந்தது. குறைந்ததும் பூமிக்கு அடியிலேதான் குறைந்தது.

இந்தத் தூரத்தைக் கைபேசி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். எந்த விமானத்தின் பின்னாலும் யாரும் சங்கிலி பிடித்துக்கொண்டு போவதில்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்துக்கொண்டு, பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்து, அந்த உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வளைவைத் திரிகோண கணிதத்தால் கணக்கிடுகிறார்கள். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால், கோயமுத்தூரில் ஒரு நூலின் நுனியை வைத்து மறு நுனியைச் சூரிச்சில் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அரபிக் கடலைக் கடந்து, ஈரான், துருக்கி வழியாகப் போய்ச் சேரும். சுமார் 7,500 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய தட்டைப் படத்தில் இதே பாதை வடக்கே வில் போல் வளைந்து காணப்படும், “நேராகப் போகாமல் ஏன் சுற்றிக்கொண்டு போகிறான்?” என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரையைக் காட்டிக் கேட்பது இதனால்தான். பழி படத்தைச் சேர்ந்தது. விமானி நேராகத்தான் போகிறார்.

உருண்டை உருண்டை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த உருண்டையின் அளவு சும்மா கிடைக்கவில்லை. அதை நம் பக்கத்தில் அளந்த கதை, சென்னை விமான நிலையத்தின் அருகே உள்ள பரங்கிமலையின் அடிவாரத்தில் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மடக்கி மடக்கி வைத்து, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அங்கே அளந்தார். அப்படிச் சில கோடுகளை மட்டும் சங்கிலியால் அளந்துகொண்டு, மற்றவற்றையெல்லாம் குன்றுக்குக் குன்று கோணம் பார்த்து முக்கோணங்களாகக் கணக்கிட்டுக்கொண்டே போவது அவருடைய முறை. கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808-இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமாயிற்று. இன்னொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடுதாசி எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் தம் கையாலேயே அதைப் பழுது பார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பட்டறைக்காரர்கள் நிறைந்த எங்கள் ஊரில் அவருக்கு நிச்சயம் மரியாதை கிடைத்திருக்கும். கோயமுத்தூர் ஜில்லாவுக்குள்ளும் அவர் வந்து நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகை கணித்தார். ஒரு பாகை அட்சரேகைக்குப் பூமியின் மேல் எத்தனை தூரம் என்பதே அவர் தேடிய விடை. அந்தப் பாகையை அறுபதாக்கினால் வருகிற ஒரு கலையின் நீளத்திலிருந்து பிறந்ததே விமானிகள் இன்றும் வழங்குகிற கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கோயமுத்தூரின் பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 218 கடல் மைல். நம் கணக்கில் 404 கிலோமீட்டர்.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். கோயமுத்தூர் - சென்னைத் தூரம், சூரிச் - மிலான் தூரத்தைப் போல் இரு மடங்கு. நேரமும் இரு மடங்காக வேண்டுமல்லவா? ஆகவில்லை. அட்டவணையில் ஒரு மணி ஐந்து நிமிஷத்திலிருந்து ஒன்றே கால் மணி வரையில்தான் போடுகிறார்கள். காரணம் இது: அட்டவணையில் கண்ட நேரம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் அன்று. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்கிற கணம் முதல், போய்ச் சேர்ந்த ஊரில் தனக்குரிய இடத்தில் வந்து நிற்கிற கணம் வரை உள்ளது அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னே நிற்கிற விமானத்துக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, மெல்ல இறங்குவது, மறுபடியும் ஊர்ந்து வருவது ஆகிய இவையெல்லாம் பக்கத்து ஊருக்குப் போனாலும் தூர தேசத்துக்குப் போனாலும் அநேகமாக ஒரே அளவுதான். ஆகவே உத்தேசக் கணக்குப் போடுகிறவர்கள், தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, அதோடு அரை மணியைக் கூட்டிக்கொள்கிறார்கள். சென்னைக்கு அரை மணியும் அரை மணியும் ஒரு மணி. மிலானுக்குக் கால் மணியும் அரை மணியும் முக்கால் மணி. தாமதம் என்ற பழி வராமல் இருக்கக் கம்பெனிகள் மேற்கொண்டு சில நிமிஷங்களைக் கையிருப்பாகச் சேர்த்துக்கொள்கின்றன. “பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்” என்று ஒலிபெருக்கியில் பெருமையோடு சொல்லும்போது, அந்தக் கையிருப்பைத்தான் நமக்கே பரிசாகக் கொடுக்கிறார்கள்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பீளமேட்டு ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்காகக் கிடக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வருவது கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். ஆகவே அந்தப் பருவத்தில், வடகிழக்கே இருக்கிற சென்னைக்குப் புறப்படுகிற விமானம், முதலில் தென்மேற்கே பாலக்காட்டை நோக்கி எழும்பி, அப்புறம் அரை வட்டம் அடித்துத் திரும்புகிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு முதலில் மேற்கே மலைத் தொடர் கண்ணில் படும். இறக்கை சாய்கிறபோது தென்னந்தோப்புகளும் மில்களின் தகரக் கூரைகளும் செங்குத்தாக நிற்பது போல் தோன்றும். பிறகுதான் சூரியன் முகத்தில் அடிக்கும், அதாவது சென்னைப் பக்கம் திரும்பியாயிற்று. வரும்போது இந்தச் சுற்று இல்லை; வந்த திசையிலேயே நேராக இறங்கிவிடலாம். இதே மாதங்களில் வெகு உயரத்திலோ காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. அந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1958-இல் உலகுக்கு விளக்கி எழுதியவர் பி. கோடேஸ்வரம் என்னும் இந்திய வானிலை விஞ்ஞானி. சென்னை போகிற விமானம் அதன் உச்ச வேகம் இருக்கிற உயரத்துக்கு ஏறுவதில்லையாதலால், நமக்கு அதனால் வருகிற வித்தியாசம் சில நிமிஷங்களே. ஐரோப்பாவுக்குப் போகிறவர்களை வேறொரு காற்று, வடக்கே மேற்கிலிருந்து வீசுகிற உயர்காற்று, சோதிக்கிறது: சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு உள்ள 7,600 கிலோமீட்டரைக் கடக்கப் போகும்போது பத்து மணி நேரத்தை ஒட்டி ஆகும், திரும்பும்போது அதைவிடக் குறையும்.

மறுபடியும் ரயில் கணக்குக்கு வருவோம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே தினசரி விமானப் போக்குவரத்து 1919 ஆகஸ்டு 25-ஆம் தேதி தொடங்கியபோது, அந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நூறு வருஷத்துக்குப் பிறகு, அந்த 350 கிலோமீட்டருக்கு அட்டவணையில் ஒன்றே கால் மணி. ஆனால் கடலுக்கு அடியில் செல்லும் ரயில் நகரத்தின் நடுவிலிருந்து நகரத்தின் நடுவுக்கு இரண்டே கால் மணியில் கொண்டுபோய் விட்டுவிடுவதால், கணக்குத் தெரிந்தவர்கள் அதில்தான் ஏறுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டு ஊர்களுக்கு விமானமே கூடாது என்று சட்டம் போட்டு, 2023 மே மாதத்தில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பாரிஸின் ஓர்லியிலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கு நின்றது, அவ்வளவுதான். சட்டம் பெரிது, அது பிடித்த மீன் சிறிது என்பது என் அபிப்பிராயம். நம் ஊரில் அப்படி ஒரு சட்டத்துக்கு அவசியமே எழவில்லை. நம்மிடம் அவ்வளவு வேகமான ரயிலே இல்லை.

இருப்பதில் வேகமானது 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி ஓடத் தொடங்கிய வந்தே பாரத். காலை ஆறு மணிக்குக் கோயமுத்தூரில் புறப்பட்டு 11.50-க்குச் சென்னை சென்ட்ரலில் விடுகிறது. சற்றேறக்குறைய 500 கிலோமீட்டர் ரயில் பாதையை ஐந்து மணி ஐம்பது நிமிஷத்தில் கடப்பது நம் தேசத்து அளவில் கெட்டிக்காரத்தனம்தான். துடியலூர்க்காரனுக்கு இதையும் விமானத்தையும் எப்படி ஒப்பிடுவது? ஏழு மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கே வீட்டுப் படி இறங்க வேண்டும். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே பெட்டி வாங்குகிற இடத்தை மூடிவிடுவார்கள். எட்டே காலுக்கு மீனம்பாக்கம், இறங்கி வெளியே வந்து மெட்ரோ பிடித்தால் ஒன்பதரைக்குள் சென்ட்ரல். ஆக நாலரை மணி. ரயிலுக்கு ஐந்தே காலுக்குக் கிளம்பினால் அதே சென்ட்ரலில் போய் நிற்க ஆறரை மணிக்கு மேல். விமானத்தால் மிச்சம் இரண்டு மணி நேரம். ‘ஒரு மணி எங்கே, ஆறு மணி எங்கே’ என்று மலைத்ததற்கு இவ்வளவுதான் பலன். அந்த இரண்டு மணிக்குக் கொடுக்கிற விலை நியாயமா என்பது அவரவர் காரியத்தைப் பொறுத்தது. கோர்ட்டில் வாய்தா இருக்கிறவருக்கு நியாயம். பேரனைப் பார்க்கப் போகிறவருக்கு அநியாயம்.

அந்த நாலரை மணியிலும் ஆகாயத்தில் கழிவது முக்கால் மணிதான். பாக்கியெல்லாம் தரையில். துடியலூருக்கும் பீளமேட்டு விமான நிலையத்துக்கும் ஆகாய தூரம் 12 கிலோமீட்டர் இருக்கும். சாலையில் எந்த வழியாகப் போனாலும் அதற்கு மேல்தான். வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, காளப்பட்டி என்று போவது ஒரு வழி. கவுண்டம்பாளையம், கணபதிப் பக்கமாக நகரத்துக்குள் நுழைந்து அவினாசி சாலையைப் பிடிப்பது இன்னொன்று. விடியற்காலையில் எது வேண்டுமானாலும் சரி. மாலை விமானத்துக்குக் கிளம்பும்போதுதான் டாக்ஸிக்காரருடைய சாஸ்திரம் தேவைப்படுகிறது. “சரவணம்பட்டில ஐ.டி. கம்பெனி விடற நேரமுங்ணா, மாட்டுனா அவ்வளவுதானுங்க, சிட்ரா பக்கமா போயர்லாமுங்க” என்று ஒருவர் சொல்வார், நேர் மாறாக இன்னொருவர் சொல்வார், இருவரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை அவினாசி சாலையின் மேல் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரால் 2025 அக்டோபர் 9-ஆம் தேதி மேம்பாலம் திறந்திருக்கிறார்கள். சங்கனூரிலோ காந்திபுரத்திலோ சிக்கிக்கொள்ளாமல் அதன் மேல் ஏறிவிட்டால் பெரும் சௌகரியம். ஏறுகிற வரையில் மேட்டுப்பாளையம் சாலையின் கிருபை வேண்டும். மெட்ரோ ரயிலின் முதல் கட்டத்துக்குத் திட்டம் போட்டவர்களும் அவினாசி சாலையையும் சத்தி சாலையையும்தான் எழுதினார்கள். எங்கள் சாலை அதில் இல்லை.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்த பின், அவசர ஜோலி இல்லாத நாளில் நான் ஏறுவது நீலகிரி எக்ஸ்பிரஸ். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டுக் கோயமுத்தூர் வந்து, இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் சென்ட்ரலில் விடுகிற வண்டி அது. எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அதில் ஏழு மணி தூக்கத்தில் கழியும். தூங்குகிற நேரத்தைப் பயண நேரத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று எந்தக் கணக்குப் பொறியும் கேட்பதில்லை, நான் சேர்ப்பதில்லை. இதில் எனக்கு ஒரே ஒரு குறை. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் போட்ட இந்தப் பாதை துடியலூர் வழியாகத்தான் போகிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் ரயில்வே கேட்டை அடைக்க வைத்து, நிற்காமல் கடந்து போகும்; அதே வண்டியைப் பிடிக்கக் கோயமுத்தூர் ஜங்ஷனுக்குப் போகிற நான், பெட்டியும் கையுமாக ஆட்டோவில் உட்கார்ந்து கேட் திறக்கக் காத்திருந்ததும் உண்டு. துடியலூரில் இரண்டு நிமிஷம் அது நின்றால் எனக்கு முக்கால் மணி நேரம் மிச்சம். ஒன்றே முக்கால் லக்ஷம் ரூபாய்க்கு டிக்கெட் வாங்கி ஆல்ப்ஸ் மலையைப் பார்த்து வந்த அந்தப் பையனிடமே இதற்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிற அக்கம்பக்கத்தார், கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வருகிற போது என்னைப் பார்க்கலாம்.